கான்பூரில் கிடந்த லிபரேட்டர்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா பி-24 லிபரேட்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தை 18,000க்கும் மேல் செய்து தள்ளியது. அந்த நாட்டின் வேறு எந்தப் போர் விமானமும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. அத்தனையிலும் இந்த நூற்றாண்டில் வானில் பறந்தவை இரண்டே இரண்டு. ஒன்றின் பெயர் டைமண்ட் லில். இன்னொன்று விட்ச்கிராஃப்ட். இந்த இரண்டாவது விமானம் இருபது வருஷம் இந்திய விமானப்படையில் உழைத்தது. பிறகு பதின்மூன்று வருஷம் கேட்பாரற்று இந்திய மண்ணிலேயே கிடந்தது. அமெரிக்காவின் விமானக் கண்காட்சிகளில் அதை அண்ணாந்து பார்த்த லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்பது சந்தேகம்தான்.

பிறந்தது 1944 ஆகஸ்டில். டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் கன்சாலிடேட்டட் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. ஒரே கூரையின் கீழ் ஏறக்குறைய ஒரு மைல் நீளம். வெறும் விலா எலும்பாக ஒரு முனையில் நுழைவது, மறுமுனையில் முழு விமானமாக வெளியே வரும். நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன். இறக்கையின் இந்த நுனியிலிருந்து அந்த நுனி வரை 110 அடி. பத்துப் பேர் ஏறி ஓட்ட வேண்டிய விமானம். இறக்கை மற்ற குண்டுவீச்சு விமானங்களைவிட ஒடுக்கமானது. காற்றை இழைத்துக்கொண்டு போகும். ஆகவே ஒரே மூச்சில் நெடுந்தூரம் போகும். பிற்பாடு இந்தியா இந்த விமானத்தை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு இதுவே காரணம்.

இதன் வயிற்றுப் பகுதியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். குண்டுகளைத் தொங்கவிடும் அறைக்குக் கீழே இருக்கும் கதவு, நம் கடைத்தெருவில் மளிகைக்கடையின் ஷட்டர் போல மடிப்பு மடிப்பாக மேலே சுருண்டுகொள்ளும். காற்றில் துருத்திக்கொண்டு நிற்காது. அந்த அறையின் நடுவே முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்குமாக ஒரு நடைபாதை உண்டு. அகலம் ஒன்பது அங்குலம். முதுகில் பாராசூட் மூட்டையோடு இருப்பவன் அதில் பக்கவாட்டில்தான் ஊர முடியும். கால் தவறிக் கதவின் மேல் மிதித்தால் அது ஆள் எடையைத் தாங்காது. நேரே கீழே வானம். இருபது வயதுப் பையன்கள் இரவில், உயரத்தின் குளிரில், குண்டு எதுவும் மாட்டிக்கொண்டு நிற்கிறதா என்று பார்க்க இந்தப் பாதையில் போய் வந்தார்கள்.

நம் விமானம் அமெரிக்கர்களிடம் அதிக நாள் இருக்கவில்லை. போர்க்காலத்தில் நேச நாடுகளுக்குத் தளவாடங்களைக் கொடுத்து உதவும் லெண்ட்-லீஸ் ஏற்பாட்டின்படி, 1944 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப்படையிடம் போய்ச் சேர்ந்தது. ஜப்பானுக்கு எதிரான போரில் கப்பல் வேட்டை, குண்டுவீச்சு, எதிரியின் எல்லைக்குள் ஒளிந்து போராடியவர்களுக்கு மூட்டை மூட்டையாகச் சாமான் போடுவது என்று எல்லா வேலையும் செய்தது.

அந்த நாட்களில் வங்கக்கடலைச் சுற்றி எங்கு பார்த்தாலும் லிபரேட்டர்தான். சென்னைப் பரங்கிமலைத் தளத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் 200ஆம் படைப்பிரிவு லிபரேட்டர்களை வைத்துக் கடலைக் காவல் காத்தது. இலங்கையில் 160ஆம் படைப்பிரிவு சிகிரியா, காங்கேசன்துறை, மின்னேரியா என்று தளம் மாறி மாறி இயங்கியது. அதன் விமானங்கள் சிங்கப்பூர் வரை பறந்து போய்க் கடலில் கண்ணிகளை விதைத்துவிட்டுத் திரும்பின.

1945 ஆகஸ்டில் போர் முடிந்தது. லெண்ட்-லீஸில் ஒரு நிபந்தனை இருந்தது: போர் முடிந்ததும் தளவாடங்களை அமெரிக்காவிடம் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் பயன்படாமல் ஆக்கிவிட வேண்டும். அமெரிக்காவுக்கு அவை திரும்ப வேண்டியிருக்கவில்லை. அரிசோனாவின் கிங்மன் பாலைவனத்தில் அவர்களுடைய சொந்த விமானங்களே ஆயிரக்கணக்கில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றையும் வெட்டி, உலையில் போட்டு, அலுமினியக் கட்டிகளாக்கி விற்றார்கள். தொழிற்சாலையிலிருந்து நேரே அங்கே வந்து, ஒருநாளும் போருக்குப் போகாமல் உருகிப்போனவையும் அதில் உண்டு.

இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் லிபரேட்டர்களை எல்லாம் கான்பூருக்குப் பக்கத்தில் சகேரி தளத்துக்குக் கொண்டுவந்து குவித்தார்கள். அங்கே அவற்றை நொண்டியாக்கும் வேலை நடந்தது. எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள், கருவிகளை உடைத்தார்கள், உடலில் ஓட்டை போட்டார்கள் என்று அந்தக் காலத்து விமானப்படையினர் சொல்வார்கள். ஆனால் உருக்குவதற்கு உலை இல்லை. ஏற்றிப் போக ஆளும் இல்லை. அடிபட்ட நிலையில் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

பிறகு சுதந்திரம் வந்தது. கூடவே பிரிவினையும், காஷ்மீர்ப் போரும் வந்தன. இந்திய விமானப்படையிடம் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வாங்கக் கையில் காசும் இல்லை. கான்பூரில் கிடப்பவற்றைத் தேற்ற முடியுமா என்ற கேள்வி பெங்களூரின் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்குப் போனது.

அந்த நிறுவனம் இதற்குப் புதியதல்ல. 1940இல் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் உதவியோடு தொடங்கியது அது. போரின் பிற்பகுதியில் அமெரிக்க விமானப்படையே அதைப் பொறுப்பில் எடுத்து, கீழ்த்திசைப் போர்முனையிலிருந்து வந்த விமானங்களுக்குப் பழுதுபார்க்கும் பட்டறையாக நடத்தியது. எஞ்சினைக் கழற்றி மாட்டிப் பழகிய கைகள் அங்கே நிறைய இருந்தன.

பட்டறை பெங்களூரில், விமானங்கள் கான்பூரில். ரயிலில் ஏற்றிக் கொண்டுவர முடியாத அளவுக்குப் பெரியவை. எனவே சகேரியிலேயே ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டி, ஒரே ஒரு தடவை பறந்தால் போதும் என்ற அளவுக்கு ஒப்பேற்றினார்கள். நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் பறந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் இப்படி வந்து சேர்ந்தன. மணல் கொட்டப்பட்ட வரலாறு உள்ள விமானத்தை, கான்பூரிலிருந்து பெங்களூர் வரை, ஒருமுறை அல்ல, நாற்பது முறைக்கு மேல் ஓட்டிக் கொண்டுவருவது என்றால் அதற்குத் தனி நெஞ்சுரம் வேண்டும். பெங்களூரில் அவற்றை முழுமையாகப் பிரித்துச் செப்பனிட்டார்கள். 1948 நவம்பரில் இந்திய விமானப்படையின் 5ஆம் படைப்பிரிவு லிபரேட்டர்களோடு தொடங்கியது.

பின்னாளில் விட்ச்கிராஃப்ட் என்று பெயர் பெற்ற நம் விமானமும் அப்படித் தேறி வந்தவற்றுள் ஒன்று. குண்டுவீச்சுக்கு ஜெட் விமானங்கள் வந்த பிறகும் லிபரேட்டர்களுக்கு ஓய்வில்லை. நீளமான கடற்கரை உள்ள நாடு இது. மணிக்கணக்காகக் கடல்மேல் சுற்றிக் கண்காணிக்க வேறு ஆள் கிடையாது. 6ஆம் படைப்பிரிவு அந்த வேலைக்கு அவற்றை 1968 வரை ஓட்டியது. உலகத்திலேயே லிபரேட்டரைக் கடைசியாகக் கைவிட்ட விமானப்படை இந்திய விமானப்படைதான்.

அதற்குள் மேற்கு நாடுகளில் காற்று மாறிவிட்டது. 1957இல் டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் லாயிட் நோலன் என்ற முன்னாள் விமானியும் சில நண்பர்களும் சேர்ந்து ஒரு பழைய மஸ்டாங் போர் விமானத்தை வாங்கினார்கள். வேடிக்கையாகத் தொடங்கியது. மற்ற ரகங்களையும் தேடத் தொடங்கியபோதுதான் உறைத்தது: அரசாங்கமோ விமானப்படையோ யாரும் எதையும் பாதுகாக்கவில்லை, கிட்டத்தட்ட எல்லாமே உலைக்குப் போய்விட்டன. 1961இல் அந்தக் குழுவைப் பதிவு செய்தார்கள். இன்று அது கமெமொரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ் என்ற பெரிய தன்னார்வ அமைப்பு. உறுப்பினர்கள் சம்பளம் வாங்குவதில்லை. சந்தா கட்டி, லீவு நாளில் வந்து எண்ணெய்க் கையோடு வேலை பார்க்கிறார்கள். முன்னே சொன்ன டைமண்ட் லில் இவர்களுடையது.

அருங்காட்சியகங்களும் லிபரேட்டரைத் தேடின. தேடியவர்களில் பலர் கடைசியில் இந்தியாவுக்குத்தான் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கனடாவின் தேசிய விமான அருங்காட்சியகம், அமெரிக்காவின் பீமா அருங்காட்சியகம், பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகம் மூன்றிலும் இன்று நிற்கும் லிபரேட்டர்கள் இந்திய விமானப்படையில் இருந்தவை. தில்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்திலும் ஒன்று நிற்கிறது. பணக்கார நாடு உருக்கிவிட்டதை ஏழை நாடு உபயோகித்துக் காப்பாற்றியது என்பதுதான் இந்த விமான ரகத்தின் சுருக்கமான வரலாறு.

நம் விமானத்துக்கு மட்டும் அந்தச் சுற்றில் அழைப்பு வரவில்லை. 1968க்குப் பிறகு கைவிடப்பட்டுக் கிடந்தது. 1981இல் டக் ஆர்னால்டு என்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் 'இருக்கிற நிலையில்' அதை வாங்கினார். துண்டு துண்டாகக் கழற்றி, பெரிய சரக்கு விமானத்தின் வயிற்றில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். விமானத்துக்குள் விமானம் ஏறிப் போன பயணம். அங்கேயும் அது மூன்று வருஷம் துண்டுகளாகவே கிடந்தது. 1984இல் விற்பனைக்கு வந்தபோது அமெரிக்கத் தொழிலதிபர் ராபர்ட் காலிங்ஸ் வாங்கினார். கப்பலேறி, அட்லாண்டிக்கைக் கடந்து, பகுதி பகுதியாக பாஸ்டன் துறைமுகத்தில் இறங்கியது. பிறந்த நாட்டை விட்டுப் போய் நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

காலிங்ஸ் 1979இல் மாசசூசெட்ஸின் ஸ்டோ என்ற சிற்றூரில் ஓர் அறக்கட்டளை தொடங்கியிருந்தார். விமானத்தைச் சுத்தம் செய்து, வண்ணம் பூசி, நிறுத்தி வைக்கலாம் என்பதே முதல் எண்ணம். லிபரேட்டரில் பறந்த முன்னாள் வீரர்கள் விடவில்லை. நிறுத்தி வைத்தால் வருஷத்துக்கு மூவாயிரம் பேர் வந்து பார்ப்பார்கள். ஊர் ஊராகப் பறந்து போனால் முப்பது லட்சம் பேர் பார்ப்பார்கள் என்பது அவர்கள் வாதம். வேலை பல மடங்கு, செலவும் பல மடங்கு. கணக்குப் பார்த்தால் செய்யக்கூடாத காரியம். காலிங்ஸ் ஒப்புக்கொண்டார்.

கனமான வேலை ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமியில் டாம் ரெய்லியின் பழைய விமானப் பட்டறையில் நடந்தது. மழையும் வெயிலும் தின்ற தகடுகளை உரித்து, ஆணி ஆணியாகப் புதிதாக அறைந்தார்கள். ஹைட்ராலிக் குழாய்கள், மின் கம்பிகள், எரிபொருள் தொட்டிகள் எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தார்கள். மொத்தம் சுமார் 97,000 மணி நேர உழைப்பு என்று அறக்கட்டளையின் கணக்கு சொல்கிறது. ஒரே ஆள் நாளுக்கு எட்டு மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்று உட்கார்ந்தால் நாற்பது வருஷம் ஆகும் வேலை. 1989இல் விமானம் மறுபடி பறந்தது.

அந்த ஆண்டு தொடங்கி முப்பது வருஷம் அமெரிக்காவின் குறுக்கும் நெடுக்கும் சுற்றியது. இன்று ஓர் ஊர், இரண்டு நாள் கழித்து அடுத்த ஊர். ஊரின் சிறிய விமான நிலையத்தில் இறங்கும். குடும்பங்கள் குழந்தைகளோடு வரும். நன்கொடை கட்டியவர்கள் அரை மணி நேரம் பறந்து வருவார்கள். சக்கர நாற்காலியில் வந்த தொண்ணூறு வயதுக்காரர்கள் அந்த ஒன்பது அங்குலப் பாதையைப் பேரனுக்குக் காட்டினார்கள்.

கூட்டம் வருவதற்கு முன்பே நடக்கும் வேலை வேறு. இந்த எஞ்சின்களில் உருளைகள் வட்டமாக அமைந்திருக்கும். ஓர் எஞ்சினுக்குப் பதினான்கு. இரவெல்லாம் நின்றால் எண்ணெய் கசிந்து அடியிலிருக்கும் உருளைகளில் தேங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயோடு மோதும். எண்ணெய் நசுங்காது, இரும்புத் தண்டுதான் வளையும். ஆகவே காலையில் தன்னார்வலர்கள் புரொப்பல்லரின் தகட்டைக் கையால் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடப்பார்கள். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் அடுத்த தகட்டைப் பிடிப்பார். நான்கு எஞ்சினுக்கும் இப்படி. உருளைக்கு இரண்டு வீதம் மொத்தம் 112 ஸ்பார்க் பிளக்குகள். அவற்றையும் பார்க்க வேண்டும். பிறகு கிளம்பினால் மணிக்கு 700 லிட்டருக்கு மேல் பெட்ரோல். காட்சிக் கட்டணமும் நன்கொடையும் சும்மா வந்து உழைக்கும் ஆட்களும் இல்லாமல் இப்படி ஒரு விமானம் ஒரு மாதம்கூடப் பறக்காது.

இந்தக் கதைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 2019 அக்டோபர் 2ஆம் தேதி, இதே அறக்கட்டளையின் நைன்-ஓ-நைன் என்ற பி-17 குண்டுவீச்சு விமானம் கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையத்தில் விழுந்து எரிந்தது. இருந்த 13 பேரில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐவர் ஆசையாக ஏறிய பயணிகள். விசாரணை முடிவு தெளிவாக இருந்தது. எஞ்சின் கோளாறுக்குப் பிறகு விமானி வேகத்தைச் சரியாகக் கையாளவில்லை. சுற்றுப்பயணத்தின்போது பராமரிப்பு போதவில்லை. பராமரிப்புக்குப் பொறுப்பானவரும் விமானியும் ஒரே ஆள். அறக்கட்டளையின் பாதுகாப்பு முறையும் அரசின் மேற்பார்வையும் பலவீனம். 2020 மார்ச்சில் பயணிகளை ஏற்றும் அனுமதியை அமெரிக்க விமானத்துறை ரத்து செய்தது. 2022 நவம்பரில் டல்லஸ் கண்காட்சியில் கமெமொரேட்டிவ் ஏர் ஃபோர்ஸின் இரண்டு பழைய விமானங்கள் வானில் மோதி ஆறு பேர் இறந்தார்கள்.

அப்போதிருந்து கேள்வி பலமாகவே கேட்கப்படுகிறது: இந்தக் கிழட்டு விமானங்களை இன்னும் பறக்கவிட வேண்டுமா? இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. விழுந்தால் உயிர்கள் போகும். திரும்பச் செய்யவே முடியாத விமானமும் போகும். நிறுத்தி வைத்தாலோ, அதை ஓட்டவும் பிரிக்கவும் தெரிந்த ஆட்கள் ஒரு தலைமுறையில் அற்றுப்போவார்கள். பறக்கவிடலாம் என்பதே என் கட்சி. ஆனால் காசு கட்டிய பயணியை ஏற்றும் நிமிஷத்திலிருந்து அது பொழுதுபோக்கு அல்ல. பராமரிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர், ஓட்டுபவர் மூன்றாமவர் என்று இருந்தாக வேண்டும். பழைய விமானத்தின்மேல் உள்ள பிரியம் சோதனைச் சீட்டில் கையெழுத்துப் போடத் தகுதி ஆகாது.

எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. அமெரிக்காவில் பறந்த முப்பது வருஷத்தில் இந்த விமானம் மூன்று வேஷம் கட்டியது. முதலில் ஆல் அமெரிக்கன். 1944இல் ஒரே தாக்குதலில் பதினான்கு எதிரி விமானங்களை வீழ்த்திய ஒரு லிபரேட்டரின் பெயர். 1998இல் தி டிராகன் அண்ட் ஹிஸ் டெய்ல். பசிபிக் போர்முனையில் பறந்த இன்னொன்றின் பெயர். 2005இல் விட்ச்கிராஃப்ட், இங்கிலாந்திலிருந்து 130 தாக்குதல்களுக்குப் போய்வந்த வேறொன்றின் பெயர். உலைக்குப் போனவற்றின் நினைவைக் காப்பது நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றுமே அடுத்த விமானங்களின் கதைகள். அதன் சொந்தப் படை வாழ்க்கையில் பெரும்பகுதி நம் விமானப்படையின் மூவர்ண வட்டச் சின்னத்தோடு கழிந்தது. அந்த இருபது வருஷம் இல்லாவிட்டால் வண்ணம் பூச விமானமே இருந்திருக்காது. அந்த வட்டத்துக்கு மட்டும் முறை வரவில்லை.

அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாமே எழுதி வைக்கவில்லை. 97,000 மணி நேரம் என்று அமெரிக்கப் பட்டறை தன் கணக்கை ஊரறியச் சொல்கிறது. 1948இல் பெங்களூரில் மணலையும் துருவையும் தோண்டி எடுத்து நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு உயிர் கொடுத்த தொழிலாளர்கள் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று யாரும் பேசுவதில்லை. அந்தப் பட்டறையில் தமிழர்களும் வேலை பார்த்தார்கள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ பழைய எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்) ஊழியராக இருந்திருந்தால் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, விமானத்தின் முன்னால் நின்று எடுத்த குழுப் படம், எது இருந்தாலும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். படத்தின் பின்னால் பெயரையும் வருஷத்தையும் எழுதி, பெங்களூரில் எச்.ஏ.எல். நடத்தும் அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பழைய விமானத்தைக் காப்பாற்ற ஹேங்கரும் கோடிகளும் இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த அளவு தன்னார்வம் நம் எல்லோருக்கும் கட்டுப்படியாகும்.